பெயரைத் தேடினால் கிடைக்க வேண்டும்: எழுத்து வேலைக்கு எத்தனை செயலிகள் தேவை?

லிந்துலை, தலவாக்கலைப் பக்கத்துக் கொமினிகேசன் கடைகளில் ஒரு காட்சி வழக்கமானது. போட்டோகொப்பி இயந்திரம், அருகே ஒரு பழைய கணினி, அதில் பாமினியில் படபடவென்று தட்டச்சு செய்யும் ஒருவர். தோட்டத்திலிருந்து வந்தவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, பிறப்புச் சான்றிதழ் திருத்தத்துக்கோ ஊழியர் சேமலாப நிதிக்கோ ஒரு கடிதம் உருவாகிறது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய், அங்கே போரிலும் அகப்பட்ட குடும்பங்களின் உறவினர்கள் இங்கு இருக்கிறார்கள். காணாமற்போன ஒருவருக்கான சத்தியக்கடதாசியும் இதே கணினியில் எழுதப்படலாம்.

கடிதம் அச்சாகி வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். ஆனால் கோப்பு? பாமினியில் நாம் காண்பது தமிழ். கணினி சேமிப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வாசிக்க முடியாத குப்பைதான் தெரியும். பீடிஎஃப் ஆக மாற்றினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் மகனின் பெயரைத் தமிழில் அடித்துத் தேடினால் அகப்படாது. ஆயிரம் பக்கங்களுக்குள் ஒரு பெயரைத் தேடும் தாய்க்கு இது சின்னக் குறை அல்ல.

ஆகவே எத்தனை செயலிகள் என்பதைவிட, எழுதியது பத்து வருடம் கழித்து வேறொருவர் கணினியிலும் திறக்குமா என்பதே முதல் கேள்வி. அப்படிப் பார்த்தால் நான்கு போதும் என்பது என் கணக்கு: தமிழ் யுனிகோட் விசைப்பலகை, லிப்ரே ஒபிஸ், ஒரு உலாவி, கைத்தொலைபேசியில் ஆவணங்களை ஸ்கேன் செய்யும் ஒரு செயலி.

யுனிகோடில் தமிழ் 1991 முதலே இருக்கிறது. அதற்கு மாறச் சொன்னால் தட்டச்சாளர்கள் தயங்குவது நியாயம்தான். இருபது வருட விரல் பழக்கம் அது. ஆனால் பழக்கத்தை விடத் தேவையில்லை. சென்னையில் உருவான என்எச்எம் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பாமினி விசையமைப்பு உண்டு. விரல் பழைய விசையையே தட்டும், விழுவது யுனிகோட். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு, 1999 இல் சென்னை மாநாட்டில் ஏற்கப்பட்ட தமிழ் 99 அமைப்பைப் பரிந்துரைப்பேன். அதில் மெய்யும் உயிரும் தட்டினால் உயிர்மெய் வரும்.

லிப்ரே ஒபிஸ் இலவசம். களவாகப் பிரதி எடுத்த மென்பொருளோடு வரும் வைரஸ் தொல்லை இல்லை. கடிதம், கணக்கு அட்டவணை, பீடிஎஃப் எல்லாம் அதிலேயே முடியும். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபரில் நின்றுவிட்டது. பழைய கணினியில் லினக்ஸ் போட்டாலும் இதே மென்பொருள் ஓடும். மின்சாரம் திடீரென்று போகும் ஊரில், தன்னியக்கமாகச் சேமிக்கும் இடைவெளியை இரண்டு நிமிடமாகக் குறைத்து வையுங்கள்.

தட்டச்சே தெரியாதவர் பேசி எழுதலாம். கூகுளின் குரல் தட்டச்சில் ‘தமிழ் (இலங்கை)’ என்ற தெரிவு இருக்கிறது. தோட்டப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் அது பிழையாகக் கேட்கும், கட்டாயம் திருத்த வேண்டும். என்றாலும் மூத்தவர்கள் சொல்லும் கதைகளையும் பாட்டுகளையும் பதிய இது நல்ல தொடக்கம். மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்த நாளில் இந்த வசதி ஏது?

பழைய பாமினிக் கோப்புகளை எறிந்துவிட வேண்டாம். சுரதாவின் பொங்கு தமிழ் மாற்றியில் ஒட்டினால் யுனிகோடாக வரும். இங்கேதான் கவனம் வேண்டும். பழைய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது எண்களுக்குப் பின் ‘வீ’ என்ற ஆங்கில எழுத்து வரும். பாமினியில் அந்த விசைக்குரிய எழுத்து ‘ஏ’. மாற்றி இரண்டையும் பிரித்தறியாது. இலக்கத்தின் கடைசியில் ‘ஏ’ வந்து நிற்கும். ‘எக்ஸ்’ இருந்தால் ‘ஓ’. அப்படியே அனுப்பினால் இலக்கம் பிழை என்று திருப்பி விடுவார்கள், ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். ஆங்கிலத்தில் உள்ள பெயர், முகவரி, மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மாற்றிய பின் மூலப் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

கடையில் எழுதுவிப்பவர் அச்சுத் தாளோடு கோப்பையும் கேட்டு வாங்க வேண்டும். ஒரு பிரதி பென்டிரைவில், இன்னொன்று தன் மின்னஞ்சலில். வட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் வெளியேறி, கடைக் கணினியில் உள்ள கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள். காணாமற்போனவர் பற்றிய விவரம் யார் கண்ணிலும் படலாம் என்று விட்டுவரும் விஷயம் அல்ல.