பக்கம் எங்கே நின்றது?

சென்னை கே.கே. நகரில் ஆர்.டி.ஓ. அலுவலகப் பக்கமும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைப் பக்கமும் ஜெராக்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் பிரிண்டர் இருந்தும், அவசரத்துக்கு ஒரு படிவம் வேண்டுமென்றால் பென்டிரைவை எடுத்துக்கொண்டு அங்கே ஓடுகிறவர்கள் உண்டு. கணினியில் லினக்ஸ் இருந்தால் இன்னும் சீக்கிரம் ஓடுவார்கள். ‘லினக்ஸ்ல பிரிண்டர் வேலை செய்யாது’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. அப்படி லினக்ஸ் வீட்டுக்குள் வந்த பிறகும் இந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. ஆனால் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை நாமே சரிசெய்துவிட முடியும்.

லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் மென்பொருளுக்குக் கப்ஸ் என்று பெயர். மைக்கேல் ஸ்வீட் 1997இல் எழுதத் தொடங்கி 1999இல் வெளியிட்டார். 2002 முதல் மேக் கணினிகளிலும் அச்சடிப்பது இதுதான். நீங்கள் ‘பிரிண்ட்’ கொடுத்ததும் கப்ஸ் கோப்பை வாங்கி வரிசையில் வைக்கிறது. பிறகு பிரிண்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுகிறது. கடைசியாகக் கேபிளிலோ வைஃபையிலோ அனுப்புகிறது. பக்கம் வரவில்லை என்றால், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் நின்றிருக்கிறது. எதில் என்று பார்க்காமல் டிரைவரை நீக்கிவிட்டுத் திரும்பத் திரும்பப் போடுவது வீண் வேலை.

பார்ப்பதற்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, 631 என்று அடியுங்கள். இணையம் தேவையில்லை, அந்தப் பக்கம் உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கிறது. அது திறக்கவே இல்லை என்றால் கப்ஸ் ஓடவில்லை என்று பொருள். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். திறந்தால் ‘பிரிண்டர்ஸ்’ பகுதிக்குப் போய், உங்கள் பிரிண்டர் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

‘பாஸ்டு’ என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. நம் ஊரில் இது அடிக்கடி நடக்கும். அச்சாகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது, பிரிண்டர் அணைந்துவிடுகிறது. அனுப்ப முடியாத கப்ஸ் அந்த வரிசையை நிறுத்திவைக்கிறது. கரண்ட் வந்து பிரிண்டர் உயிர்பெற்ற பின்னும் வரிசை தானாக நகராது. இது தெரியாமல் நாம் மறுபடி மறுபடி பிரிண்ட் கொடுப்போம், எல்லாம் அங்கே சேர்ந்துகொண்டே போகும். அதனால் முதலில் ‘ஜாப்ஸ்’ பகுதியில் பழையவற்றை ரத்து செய்துவிட்டு, பிரிண்டரின் பக்கத்தில் ‘ரெஸ்யூம் பிரிண்டர்’ கொடுங்கள். கடவுச்சொல் கேட்டால் கணினியில் நீங்கள் நுழையும் அதே பெயரும் சொல்லும்தான். ஒரே பிரிண்டர் அந்தப் பட்டியலில் இரண்டு பெயரில் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். கேபிளில் ஒருமுறை, வைஃபையில் ஒருமுறை சேர்த்திருப்பீர்கள். செத்துப்போன பெயருக்கே வேலை போய்க்கொண்டிருக்கும்.

வைஃபை பிரிண்டரில் கரண்ட் கட் இன்னொரு வேலையும் செய்யும். ரவுட்டர் அணைந்து எரியும்போது பிரிண்டருக்கு வேறு ஐ.பி. எண்ணைக் கொடுத்துவிடலாம். கப்ஸில் பழைய எண் பதிந்திருந்தால், அது யாருமில்லாத முகவரிக்கு அனுப்பிக் காத்திருக்கும். பிரிண்டரின் சொந்தத் திரையிலோ, அது அச்சடித்துத் தரும் நெட்வொர்க் விவரத் தாளிலோ இப்போதைய எண் இருக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள். ரவுட்டரில் அந்தப் பிரிண்டருக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. கேபிள் பிரிண்டருக்கு இவ்வளவு வேண்டாம். யுஎஸ்பி சாதனங்களைக் காட்டும் பட்டியலில் அதன் பெயரே வரவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள்.

இன்னொன்று, மிக எளியது, ஆனால் ஆட்களை அலைய வைப்பது: தாளின் அளவு. பல மென்பொருள்கள் அமெரிக்க லெட்டர் அளவைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும். தட்டில் இருப்பது ஏ4. கணினி ‘அனுப்பிவிட்டேன்’ என்கிறது, பிரிண்டரில் விளக்கு சிமிட்டுகிறது, தாள் மட்டும் நகராது. அது பழுதில்லை, லெட்டர் தாளைக் கேட்டுக் காத்திருக்கிறது. கப்ஸிலும் நீங்கள் அச்சிடும் மென்பொருளிலும், இரண்டு இடத்திலும் ஏ4 என்று வையுங்கள்.

கடினமானது நடுவில் இருக்கும் மாற்றம்தான். ‘ஃபில்டர் ஃபெயில்டு’ என்று செய்தி வந்தால் சிக்கல் அங்கே. இங்கே பிரிண்டரின் மாடல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நம் ஊர் மேஜைகளில் பல ஆண்டுகள் உழைத்த ஹெச்பி லேசர்ஜெட் 1020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது தன் இயக்க மென்பொருளைத் தனக்குள் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கணினிதான் அனுப்பியாக வேண்டும். ஹெச்பியின் லினக்ஸ் மென்பொருளான ஹெச்ப்லிப்பின் மூலநிரல் எல்லாருக்கும் திறந்தது. இந்த மாடலுக்கு அது கேட்கும் பிளகின் மட்டும் மூடியது. தனியாக இறக்க வேண்டும். உபுண்டு போன்ற லினக்ஸைப் புதுப்பித்தால் ஹெச்ப்லிப்பின் பதிப்பு மாறும், பழைய பிளகின் பொருந்தாது. ‘நேற்றுவரை நன்றாக ஓடியது, அப்டேட் போட்டதும் நின்றுவிட்டது’ என்பதற்கு இந்த மாடல்களில் இதுவே முக்கியக் காரணம். பிளகினைப் புதிய பதிப்புக்கு மீண்டும் நிறுவினால் ஓடும். கேனன் எல்பிபி 2900 இதைவிடப் பிடிவாதக்காரன். அது பேசுவது கேப்ட் என்ற கேனனின் சொந்த மொழி. கேனன் கொடுத்த லினக்ஸ் டிரைவர் பழைய காலத்தது. இன்றைய கணினியில் நிறுவப் பொறுமை வேண்டும்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்கத்திலேயே ஒரு பிரிண்டர் இருக்கிறது. 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் வந்தது. பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி அங்கே வேலைசெய்த ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலை மாற்றி வைத்திருந்தார். புதியதன் மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. கேட்டபோதும் மறுத்துவிட்டார்கள். 1983இல் அந்த இயக்கத்தைத் தொடங்கிவைத்த க்னூ திட்டத்தை அவர் அறிவித்ததற்கு அந்த மறுப்பும் ஒரு காரணம். ஒரு பிளகின் பொருந்தாமல் நல்ல பிரிண்டர் முடங்கும்போது, அதே மூடிய கதவில்தான் நாமும் முட்டிக்கொள்கிறோம்.

ஆகவே புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஐபோனிலிருந்து நேரடியாக அச்சிட ஆப்பிள் 2010இல் கொண்டுவந்த முறை அது. டிரைவர் தேவையில்லாத அதே வழியில் லினக்ஸும் பேசும். ரிச்சி தெருவில் பழைய லேசர் பிரிண்டர் மலிவாகக் கிடைக்கலாம். காசு கொடுக்கும் முன் எந்தப் பிரிண்டர் லினக்ஸில் ஓடும் என்று சொல்லும் ஓபன்பிரிண்டிங் பட்டியலில் மாடல் பெயரைத் தேடிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் வரவில்லை என்றால் உதவி கேளுங்கள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாக இருக்கிறது. கேட்கும்போது ‘பிரிண்ட் வரல’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பிரிண்டரின் முழு மாடல் பெயர், லினக்ஸின் பெயரும் பதிப்பும், கப்ஸின் எரர் லாக் கோப்பில் கடைசியாக உள்ள சில பத்து வரிகள், இந்த மூன்றையும் முதலிலேயே கொடுங்கள். எரர் லாக் கோப்பை அதே 631 பக்கத்தின் ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ பகுதியில் திறக்கலாம். அங்கேயே டீபக் விவரங்களைப் பதியச் சொல்லும் கட்டத்தை டிக் செய்துவிட்டு, ஒரு பக்கம் அனுப்பிப் பார்த்த பிறகு எடுத்த வரிகளாக இருந்தால் இன்னும் நல்லது.