ஃபுல் பாடியா, ஸ்பிளிட்டா? புதுச்சேரியில் ஜிம்முக்குப் போகிறவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம்... எந்த ஜிம்முக்குள் நுழைந்தாலும் கிட்டத்தட்ட ஒரே காட்சிதான். பெஞ்ச் பிரஸ் பெஞ்சைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். பக்கத்திலேயே ஸ்குவாட் ரேக் காலியாகக் கிடக்கும். ஏன் என்று கேட்டால், "இன்னைக்கு செஸ்ட் டே ப்ரோ" என்று பதில் வரும்.

செவ்வாய் முதுகு, புதன் தோள்பட்டை, வியாழன் கை, கடைசியாக வெள்ளி அல்லது சனி கால். வாரத்தில் ஒரு உடல் பாகத்துக்கு ஒரு நாள் ஒதுக்கும் இந்த முறைக்கு 'ஸ்பிளிட்' என்று பெயர். இதற்கு நேர் எதிரானது 'ஃபுல் பாடி'. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் போய், போகிற ஒவ்வொரு நாளும் கால், நெஞ்சு, முதுகு, தோள் என எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் வேலை கொடுப்பது.

இதில் எது பெட்டர்? ஜிம் வாசலில் டீ குடிக்கும்போது தினமும் நடக்கும் சண்டை இது. ஆனால் புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வெறும் பைசெப்ஸ் சம்பந்தப்பட்டது இல்லை.

நாலில் ஒருவருக்கு சுகர்!

2023 ஜூன் மாதம் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு நினைவிருக்கிறதா? நாட்டிலேயே சர்க்கரை நோய் அதிகமுள்ள பட்டியலில் கோவா 26.4 சதவீதத்துடன் முதலிடம். 26.3 சதவீதத்துடன் புதுச்சேரி இரண்டாம் இடம். அதாவது, வயது வந்தவர்களில் நாலு பேருக்கு ஒருவர்.

சர்க்கரைக்கும் ஸ்குவாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை உறிஞ்சி வைத்துக்கொள்வது தசைகள்தான். உடலிலேயே பெரிய தசைகள் இருப்பது தொடையிலும் பின்புறத்திலும். எடை தூக்கும்போது தசை சுருங்கி விரிவதால், இன்சுலின் உதவி பெரிதாக இல்லாமலேயே அது சர்க்கரையை உள்ளே இழுக்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாளைக்கு இன்சுலினுக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. அதன்பிறகு அந்தப் பலன் மெல்லக் கரையும்.

இப்போது அந்தத் திங்கட்கிழமை காட்சிக்குத் திரும்புவோம். ஸ்பிளிட் போடுகிறவர்களில் பலர் எந்த நாளை முதலில் தவறவிடுகிறார்கள்? கால் நாளைத்தான். வலிக்கும், மூச்சு வாங்கும், மறுநாள் படி இறங்க முடியாது, கண்ணாடியிலும் தெரியாது! அதிலும் இந்த ஊரில் ஹோட்டல், கஃபே, வாடகை பைக் கடை என்று வேலை பார்க்கிறவர்களுக்கு வெள்ளி சாயங்காலம் தொடங்கி ஞாயிறு இரவு வரை டூரிஸ்ட் கூட்டத்தில் மூச்சு விட நேரம் இருக்காது. வாரக் கடைசிக்குத் தள்ளிவைத்த கால் நாள் அப்படியே காணாமல் போய்விடும். அடுத்த திங்கள் மறுபடியும் செஸ்ட் டே. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் அதிகம் உதவக்கூடிய தசைக்கு ரெண்டு வாரமாக வேலையே இல்லை.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

ஒரு தசைக்குக் கடுமையான வேலை கொடுத்தால், அது தன்னைச் சரிசெய்து வளர்த்துக்கொள்ளும் வேகம் கூடுகிறது. இந்த வேகம் சுமார் ஒன்று முதல் இரண்டு நாள் வரை நீடிக்கும். பழகியவர்களுக்கு இன்னும் சீக்கிரமே அடங்கிவிடும். திங்கள் நெஞ்சுக்குப் பயிற்சி செய்தால் புதன்கிழமைக்குள் அந்தத் தசை தயார். ஸ்பிளிட்டில் அது அடுத்த திங்கள் வரை சும்மா காத்திருக்கிறது. "அப்போ ஃபுல் பாடிதான் ஜெயிக்கணும்" என்பது ஒரு தரப்பின் வாதம்.

ஆனால் கதை அவ்வளவு நேரானது இல்லை. வாரத்துக்கு ஒரு தடவையை விட இரண்டு தடவை பயிற்சி கொடுத்தால் தசை நன்றாக வளர்கிறது என்று 2016ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொன்னது. அதே ஆய்வாளர்களில் சிலர் 2019ல் இன்னும் அதிகமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வாரத்தின் மொத்த செட்டுகள் சமமாக இருந்தால், அதை எத்தனை நாளாகப் பிரித்தாலும் வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. பிறகு 2024ல் ஸ்பிளிட்டையும் ஃபுல் பாடியையும் நேரடியாக ஒப்பிட்ட 14 ஆய்வுகளின் தொகுப்பும் வந்தது. அதன் முடிவும் அதேதான்: மொத்த வேலை சமம் என்றால் பலத்திலும் தசை வளர்ச்சியிலும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை.

டீக்கடைச் சண்டையில் ரெண்டு தரப்புமே தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் 'மொத்த வேலை சமம் என்றால்' என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். ஆய்வுக்கூடத்தில் பக்கத்தில் ஒருவர் நின்று கணக்கெடுப்பார். வாழ்க்கையில் யார் எடுப்பது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவர் ஸ்பிளிட்டில் திங்கட்கிழமை நெஞ்சுக்கு 12 செட் போடுகிறார். இன்னொருவர் ஃபுல் பாடியில் திங்கள், புதன், வெள்ளி தலா 4 செட். வாரக் கடைசியில் இருவருக்கும் 12. இப்போது இருவருமே ஒரு நாள் லீவு போடுகிறார்கள். ஃபுல் பாடிக்காரருக்கு எல்லாப் பாகத்துக்கும் 12க்குப் பதில் 8 செட் கிடைத்திருக்கும். ஸ்பிளிட்காரருக்கு நாலு பாகத்துக்கு முழுசாக 12, மீதி ஒன்றுக்குப் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் ஒவ்வொரு வாரமும் ஒரே பாகத்துக்கு விழுந்தால்தான் பிரச்சினை. விழவும் செய்கிறது.

சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்க்கிறவர்கள், நேரு வீதி, மிஷன் வீதி கடைகளில் ராத்திரி ஒன்பது மணி வரை நிற்கிறவர்கள் எல்லாம் வாரம் ஐந்து நாள் தவறாமல் ஜிம்முக்குப் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இவர்களுக்கு ஃபுல் பாடி பொருந்துவதற்குக் காரணம் தசை அறிவியல் கூட இல்லை, நாட்காட்டிதான்.

ஸ்பிளிட் எங்கிருந்து வந்தது?

தொடக்கத்தில் இப்படி யாரும் உடம்பைத் துண்டு போடவில்லை. நம் ஊர்த் தேகப்பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டால் எடுத்தால் நெஞ்சு, தோள், கை, இடுப்பு எல்லாம் சேர்ந்து உழைக்கும். பஸ்கி எடுத்தால் தொடையோடு மூச்சும் பழகும். கர்லாக்கட்டை சுற்றுவதில் தோளும் முதுகும் பிடியும் ஒன்றாக வேலை செய்கின்றன.

புதுச்சேரியில் இதற்கு இன்னொரு பழைய உதாரணமும் உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தில் 1940களிலேயே உடற்பயிற்சி முறையான பாடமாகிவிட்டது. 1949ல் உடற்கல்விக்கென்றே ஒரு காலாண்டு இதழ் தொடங்கினார்கள். அரவிந்தரே அதில் கட்டுரைகள் எழுதினார். அன்னை எழுபது வயதைத் தாண்டியும் தினமும் டென்னிஸ் ஆடியவர். சிறுவர்கள் முதல் பெரியவர்கள் வரை மைதானத்தில் இறங்கும் அந்த வழக்கத்தின் அடையாளமாக ஆண்டுதோறும் டிசம்பர் 2ம் தேதி உடற்பயிற்சிக் காட்சி நடக்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து பயிற்சி செய்வது அன்றைய தேதியில் சாதாரண விஷயமாக இருந்திருக்காது.

வெளிநாட்டிலும் இதேதான். 1950ல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்ற ஸ்டீவ் ரீவ்ஸ், வாரத்தில் மூன்று நாள் முழு உடல் பயிற்சி செய்து உடம்பு தேற்றியவர். பிறகு மேடைப் போட்டிகளில் ஒவ்வொரு தசையும் தனித்தனியாகத் தெரிய வேண்டிய கட்டாயம் வந்தது. வாரம் ஆறு நாள், சில சமயம் நாளுக்கு இரண்டு வேளை என்று அர்னால்டு காலத்தில் ஸ்பிளிட் உச்சத்துக்குப் போனது. அந்தத் தலைமுறையில் ஸ்டீராய்டு புழக்கமும் இருந்தது. அர்னால்டே தான் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டிருக்கிறார். சாதாரண உடம்பு தாங்கும் அளவும், அது தேறும் வேகமும் வேறு. நம் பக்கம் 2008ல் 'வாரணம் ஆயிரம்' வந்த பிறகு சிக்ஸ் பேக் ஆசையில் ஜிம் சேர்ந்த பையன்களுக்குக் கிடைத்தது, போட்டியாளர்களுக்கென உருவான இந்த அட்டவணைதான்.

எடை தூக்கும் போட்டிக்காரர்கள் இந்தப் பாதையில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காமன்வெல்த் போட்டிகளில் 2014, 2018 என இரண்டு முறை தங்கம் வென்ற வேலூர் சதீஷ் சிவலிங்கம் பங்கேற்ற பளுதூக்குதலில் ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்று இரண்டே தூக்குகள். இரண்டுக்கும் கால் முதல் கை வரை மொத்த உடம்பும் வேண்டும். அங்கே 'ஆர்ம்ஸ் டே' என்றால் சிரிப்பார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர் என்ன செய்வது?

முதல் ஆறு மாதத்துக்கு யோசிக்கவே வேண்டாம், ஃபுல் பாடிதான். ஆரம்ப வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் தசை பெருத்ததால் வருவதில்லை. நரம்புகள் அந்த அசைவைக் கற்றுக்கொள்வதால் வருகிறது. சைக்கிள் பழகுவது போலத்தான். வாரத்துக்கு ஒருமுறை சைக்கிள் ஓட்டிப் பழகுகிறவரும் மூன்று முறை ஓட்டுகிறவரும் ஒன்றா? அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் 2009 வழிகாட்டுதலில் புதியவர்களுக்கு வாரம் 2 முதல் 3 நாள் முழு உடல் பயிற்சியைத்தான் சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை, எல்லா முக்கியத் தசைகளுக்கும் வாரம் குறைந்தது இரண்டு நாள் பயிற்சி.

ஒரு நாளைக்கு ஐந்து பயிற்சி போதும். காலுக்கு ஸ்குவாட், நெஞ்சுக்குத் தண்டால் அல்லது பெஞ்ச் பிரஸ், முதுகுக்கு ரோ அல்லது லாட் புல்டவுன், தோளுக்கு ஷோல்டர் பிரஸ், தொடையின் பின்புறத்துக்கு ரோமேனியன் டெட்லிஃப்ட். தலா 3 செட், 8 முதல் 12 ரெப். ஓய்வோடு சேர்த்து ஒரு செட்டுக்கு மூன்று நிமிஷம் என்றால் 45 நிமிஷம். வார்ம்-அப் பத்து நிமிஷம். ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். பன்னிரண்டு ரெப் சுலபமாக வந்துவிட்டால் அடுத்த தடவை எடையைக் கொஞ்சம் ஏற்றுங்கள். இரண்டு பயிற்சி நாளுக்கு நடுவில் ஒரு நாளாவது இடைவெளி இருக்கட்டும்.

முதல் நாளே உற்சாகத்தில் அளவுக்கு மீறிப் போடுவது ஆபத்து. தசை நார்கள் சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம். தாங்க முடியாத வலியும் வீக்கமும் இருந்து, சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

சுகருக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் பயிற்சி தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில மருந்துகளோடு பயிற்சியும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய எடை தூக்கவே கூடாது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும்.

"நான்தான் தினமும் பீச் ரோட்டில் நடக்கிறேனே" என்பவர்களும் உண்டு. மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகள் இல்லாத கடற்கரைச் சாலை இந்த ஊருக்குக் கிடைத்த வரம்தான். நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் வயதாக ஆகக் கரையும் தசையை நடை மட்டும் பிடித்து நிறுத்தாது. ட்ரெட்மில்லோடு திரும்பிவிடும் பெண்களுக்கும் இதே பதில்தான். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி குறைவதைத் தள்ளிப்போட எடைப் பயிற்சி தேவை.

அப்போ ஸ்பிளிட் வேஸ்டா?

இல்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு ஃபுல் பாடியே சுமையாகிவிடும். ஒரு பாகத்துக்கு வாரம் 18 செட் வேண்டும் என்ற நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால், மூன்று நாளில் பிரித்தாலும் தினமும் ஒரு பாகத்துக்கு 6 செட். ஐந்து பாகத்துக்கு 30 செட், ஒன்றரை மணி நேரம். கனமான ஸ்குவாட் முடித்த பிறகு வரும் பயிற்சிகளில் பாதிச் சக்தி கூட மிச்சமிருக்காது.

அப்போது நேராக ஐந்து நாள் 'ப்ரோ ஸ்பிளிட்'டுக்குத் தாவ வேண்டியதில்லை. நடுவில் ஒரு வழி இருக்கிறது: இரண்டு நாள் மேல் உடல், இரண்டு நாள் கீழ் உடல். திங்கள் மேல், செவ்வாய் கீழ், வியாழன் மேல், வெள்ளி கீழ். எல்லாத் தசைக்கும் வாரம் இரண்டு முறை வேலை கிடைக்கும், சனி ஞாயிறும் மிச்சம். ஒரு வருஷத்துக்கு மேல் ஒழுங்காகப் போகிறவர்களுக்கு இதுதான் நல்ல பொருத்தம். ஆறு நாளும் போக முடிகிறவர்கள் புஷ், புல், லெக்ஸ் என்று பிரித்து இரண்டு சுற்று வரலாம். மேடை ஏறும் எண்ணம் இருக்கிறவர்களுக்கும், தோள் மாதிரி ஒரு பாகம் பின்தங்கியிருக்கிறவர்களுக்கும் தனி நாள் ஒதுக்குவதில் அர்த்தம் இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே ஒரு மாற்றம்: கால் நாளை வாரக் கடைசிக்குத் தள்ளாமல் திங்கட்கிழமைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்குவாட் ரேக் எப்படியும் காலியாகத்தானே இருக்கிறது!

தீபாவளி வாரம், 2024 ஃபெஞ்சல் புயல் மாதிரி தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும் வாரம் என்று சில வாரங்கள் கையை விட்டுப் போகும். விட்ட நாட்களை எல்லாம் சேர்த்து ஒரே நாளில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். ஒன்றிரண்டு வாரம் விட்டால் பலம் பெரிதாகக் குறைந்துவிடாது. திரும்பி வரும் முதல் நாள் எடையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் ஸ்குவாட், ரோ, பெஞ்ச் பிரஸ் மூன்றும் தலா மூன்று செட். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.