மின்சாரம் கடத்தும் தாளும் காளான் தரும் நொதியும்

காகிதம் மின்சாரத்தைக் கடத்தாது. மின்மாற்றிகளில் செம்புக் கம்பிக்குக் காப்பாகச் சுற்றப்படுவதே காகிதம்தான். காகிதத்திலும் பருத்தியிலும் இருக்கும் செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. அந்த இழைகளோடு மின்கடத்தும் பாலிமரைச் சேர்த்தால், வளைத்தாலும் உடையாமல் மின்சாரம் கடத்தும் தாள் கிடைக்கிறது. 2015இல் ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிச் செய்த, 15 செ.மீ. விட்டமுள்ள ஒரு தாள் 1 ஃபாரட் மின்தேக்குதிறன் கொண்டிருந்தது. இத்தகைய பொருள்களை எவ்வளவு கடத்துகின்றன என்பதை வைத்தே மதிப்பிடுகிறோம். செய்த இடத்தில் எதை விட்டுச் செல்கின்றன என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் நொதிகளைக் கொண்டு செய்யும் முறைக்கு இன்று கிடைப்பதைவிடக் கூடுதல் கவனம் தர வேண்டியிருக்கிறது.

மின்கடத்தும் பாலிமர்களைக் கண்டறிந்ததற்காக ஹீகர், மக்டயார்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வகைப் பாலிமர்களில் மலிவானவற்றுள் ஒன்று பாலிஅனிலின். வழக்கமாக, அனிலினைக் கடும் அமிலத்தில் கரைத்து, அம்மோனியம் பெர்சல்பேட் சேர்த்து இதைச் செய்கிறார்கள். வினையின் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால், ஒரு கிலோ பாலிஅனிலினுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ அம்மோனியம் சல்பேட்டும் ஒரு கிலோவுக்கு மேல் கந்தக அமிலமும் கழிவாக நிற்கின்றன. பொருளைவிடக் கழிவு அதிகம். நீரில் கரைந்த உப்பைப் பிரித்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை நொய்யல் ஆற்றங்கரை அறியும். 2011இல் உயர் நீதிமன்றம் அங்குள்ள திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது கழிவுநீர்ச் சிக்கலால்தான்.

நொதி இந்தக் கணக்கை மாற்றுகிறது. மரத்தை வெளுக்க வைத்து அழுகச் செய்யும் காளான்கள் லாக்கேஸ் என்ற நொதியைச் சுரக்கின்றன. 1883இல் ஜப்பானின் யோஷிதா இதை அரக்கு மரத்தின் பாலில் முதன்முதலாகக் கண்டார். இதிலுள்ள நான்கு செம்பு அணுக்கள் அனிலினிடமிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்துக் காற்றிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கின்றன. ஆக்சிஜன் தண்ணீராகிறது, அந்த வேலைக்குப் பெர்சல்பேட் தேவையில்லை. ஆனால் நொதி தாங்கும் மிதமான அமிலத்தில் அனிலின் மூலக்கூறுகள் தாறுமாறாகக் கிளைத்து, கடத்தாத பொருளாகிவிடும். எதிர்மின்னூட்டம் கொண்ட ஒரு நீள் மூலக்கூறு உடனிருந்தால், புள்ளிகள் கோலத்தின் இழையை நடத்துவதுபோல, அது அவற்றை நேர்வரிசையில் இணைய வைக்கிறது. 1990களின் இறுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் லோவல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பெராக்ஸிடேஸ் என்ற வேறொரு நொதியையும் ஒரு செயற்கைப் பாலிமரையும் வைத்து இதைச் செய்துகாட்டினர். சல்பேட் அல்லது கார்பாக்சில் தொகுதிகள் ஏற்றப்பட்ட செல்லுலோஸும் இந்த வேலையைச் செய்ய வல்லது. அப்போது அது வழிகாட்டியாகவும் தாங்கும் தாளாகவும் ஒருசேர அமைகிறது.

நொதிவழி வந்த பாலிமரின் கடத்துதிறன் பெரும்பாலும் குறைவு என்பது இம்முறைக்கு எழும் முதல் மறுப்பு. உண்மைதான். ஆனால் இந்தத் தாள் செம்புக் கம்பியின் இடத்துக்குப் போட்டியிடவில்லை. நிலைமின்னைக் கசியவிடும் உறை, ஈரத்தையோ அம்மோனியாவையோ உணரும் பட்டை போன்றவற்றுக்குச் சிறிதளவு கடத்துதிறனே போதும். நொதி விலை கூடியது, மெதுவானது, எளிதில் கெடுவது என்பது இரண்டாவது மறுப்பு. வினை முடியப் பல மணி நேரம் ஆவது மெய். ஆனால் துணியை நொதியால் மெருகேற்றும் ‘பயோ வாஷ்’ ஆலைகள் அதை அன்றாடச் சரக்காகவே கையாள்கின்றன. ஒரு தொழில் தொடர்ந்து வாங்கினால் நொதி மலிவாகும் என்பதற்கு ஜவுளித்துறையே சான்று.

மூன்றாவது மறுப்பே கனமானது: அனிலின் நச்சு, பாலிஅனிலின் எளிதில் மக்காது, பிறகு இதில் பசுமை எங்கே? நொதி இந்தக் குறையை முழுதும் போக்காது. குறைக்க வழி உண்டு. இரண்டு அனிலின்கள் இணைந்த மூலக்கூறிலிருந்து தொடங்கினால் வினையும் எளிதாகிறது, பென்சிடின் என்ற புற்றுநோய்ப் பொருள் உருவாகும் வாய்ப்பும் குறைகிறது. தாளில் பெரும்பகுதி செல்லுலோஸாகவும் பாலிமர் மெல்லிய படலமாகவும் இருந்தால் மக்காத பங்கு சிறிதாகிறது. எனவே இதை முழுத் தூய்மை என்று விளம்பரப்படுத்துவது தவறு. கடத்துதிறன் குறைவென்று ஒதுக்குவதும் தவறு. சில வாரங்களில் குப்பைக்குப் போகப்போகும் மின்கருவிக்குக் கழிவு குறைந்த வழியே சரியான வழி. புதிய பொருள் ஒன்றைப் பாராட்டும் ஒவ்வொரு ஆய்வறிக்கையும் கடத்துதிறனோடு கழிவின் எடையையும் சேர்த்து வெளியிட வேண்டும்.