அன்றன்றைய வலிமை

மக்கள் வாழ்க்கையில் நேரும் பெருந்துன்பங்கள் சிலவே. சிறு துன்பங்களோ எண்ணில. பெருந்துன்பம் வந்துற்றபோது உற்றார் கூடுவர்; ஊரார் தேற்றுவர்; குருவானவர் வீடு தேடி வந்து ஜெபிப்பர். சிறு துன்பமோ தனியே வருவது. இன்று வந்தது போன்றே நாளையும் வருவது. அதனை வினவுவாரும் இலர். எடுத்துரைப்பின் நகைப்பாரும் உளர். இங்ஙனம் ஆரவாரமின்றி நாடோறும் மனிதனை அரிக்கும் இடர்களின் எதிரே கிறிஸ்தவ விசுவாசம் எவ்வகையில் வலிமை தருகின்றது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

யாம் இதனை எழுதுங்கால் எம் கண்முன் நிற்கும் ஊர் கவரைப்பேட்டை. சென்னைக்கு வடக்கே, பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே, கூடூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்தது அவ்வூர். அதனைச் சூழ நெல்வயல்களும் ஏரிகளும் உள. அதனை அடுத்துக் கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளும் உள. அங்கே பொழுதை அளப்பது ஞாயிறன்று, ஷிப்டு. இரவு ஷிப்டு முடித்து வந்த தொழிலாளி, தெருவெல்லாம் விழித்திருக்கும் நண்பகலில் உறக்கத்தைத் தேடுகின்றான். ஒப்பந்தக் கூலிக்குச் செல்வோன், அடுத்த திங்களும் வேலை உண்டோ என்னும் ஐயத்தோடு மின்சார ரயில் ஏறுகின்றான். வடநாட்டினின்று வந்த இளைஞன், மொழி தெரியாத ஊரில் எண்மர் தங்கும் அறையில் தன் தாயை நினைக்கின்றான். இலங்கையினின்று புகலிடம் தேடி வந்து, கும்மிடிப்பூண்டி முகாமில் ஆண்டு பல கழித்தோரும் உளர். இவர்தம் துன்பங்கள் செய்தித்தாளில் இடம்பெறுவன அல்ல. எனினும் விசுவாசம் என்பது இவர்களுக்குப் பயன்படுமோ, படாதோ என்பதே அதன் உண்மையை அறிதற்குரிய உரைகல்லாம்.

முதற்கண் விலக்கற்பாலதை விலக்குவோம். விசுவாசிப்பவனுக்குச் சுமை நீங்கிவிடும் என்று கருதுவார் சிலர். திருமறை அங்ஙனம் கூறவில்லை. கிறிஸ்து பெருமான் கெத்செமனே தோட்டத்தில் துன்பப் பாத்திரம் தம்மை விட்டு நீங்க வேண்டுமென வேண்டினார், பாத்திரம் நீங்கவில்லை, அதனைப் பருகுதற்குரிய பலமே வந்தது. பவுல் அப்போஸ்தலர் தம் உடலிற் தைத்த முள்ளை அகற்றுமாறு மும்முறை மன்றாடினார், முள் அகலவில்லை, அதனோடு வாழ்தற்குப் போதுமான கிருபை உண்டென்னும் உறுதியே கிடைத்தது. தலைவருக்கும் அவர் தொண்டருக்கும் நேர்ந்தது இதுவாயின், நமக்கு வேறொன்று வாக்களிக்கப்பட்டது என எண்ணுதல் பிழையன்றோ? விசுவாசம் சுமையைக் குறைப்பதன்று, சுமப்பவனை நிமிர்த்துவது.

அவ்வலிமை எவ்வளவு வருகின்றது, எப்பொழுது வருகின்றது என்பது அடுத்த வினா. இதற்கு யாத்திராகமத்தில் வரும் மன்னாவின் வரலாறு விடையாகும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர்க்கு வானத்து உணவு நாள்தோறும் அருளப்பட்டது. ஆளுக்கு ஓர் ஓமர் அளவே சேர்த்தல் வேண்டும் என்பது கட்டளை. நாளைக்கும் ஆகட்டுமென மிகுத்து வைத்தோர் மறுநாள் பார்த்தபோது அது புழுத்து நாறியது. ஓய்வுநாளின் பொருட்டு ஆறாம் நாளில் மட்டும் இருமடங்கு சேர்க்கலாயிற்று, அது கெடவில்லை. இதன் பொருள் என்னை? இறைவன் தரும் வலிமை களஞ்சியத்தில் அடைத்து வைக்கும் நெல்லன்று. அன்றன்று உலையேறும் அரிசியே. வரவிருக்கும் பத்தாண்டின் கவலையை இன்றைய வலிமையால் தாங்க முயல்வோன் தளர்ந்து வீழ்வான். தளர்ந்தபின் தனக்கு விசுவாசமில்லை எனத் தன்னையே நொந்துகொள்வான். அவனிடம் குறைந்தது விசுவாசமன்று. அவன் நாளைய பாரத்தையும் இன்றே எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டான், அவ்வளவே.

தமிழ் பயில்வார்க்கு இக்கருத்துப் புதியதன்று. திருவள்ளுவர் பொருட்பாலில் இடுக்கணழியாமை என ஓர் அதிகாரமே வகுத்து, துன்பத்தில் உள்ளம் உடையாதிருத்தலை ஆள்வோனுக்கும் உரிய பண்பாக்கினார். அவ்வுறுதிக்குரிய ஊற்றுக்கண்ணைச் சிலுவையிற் கண்டவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827-ல் நெல்லைச் சீமையில் வைணவக் குடியிற் பிறந்து, 1858-ல் திருமுழுக்குப் பெற்ற அப்பெரியார், 1894-ல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை வெளியிட்டார். அதற்கு மூலமாய் நின்றது, ஆங்கில நாட்டில் பன்னீராண்டு சிறையிருந்த ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட யாத்திரிகன் கதையாகும். அக்கதையில் நாம் கருதற்பாலன இரண்டு.

ஒன்று, யாத்திரிகனின் பாவச்சுமை சிலுவையடியில் வீழ்வது கதையின் முடிவில் அன்று; தொடக்கத்திற்கு அணித்தாகவே. அதன் பின்னரே செங்குத்தான மலையும் இருண்ட பள்ளத்தாக்கும் வருகின்றன. எனவே மீட்பு என்பது வழியின் முடிவன்று. வழி நடத்தற்குரிய தகுதி. மற்றொன்று, வியாக்கியானியின் இல்லத்தில் யாத்திரிகன் கண்ட காட்சி. சுவரோரம் தீ எரிகின்றது. ஒருவன் இடைவிடாது அதன்மேல் நீர் சொரிகின்றான். தீயோ அவியாது மேன்மேலும் வளர்கின்றது. காரணம் அறியாது வியந்தவனைச் சுவருக்கு அப்புறம் அழைத்துச் சென்று காட்டினர். அங்கே மறைவாக நின்று ஒருவர் அத்தீயில் எண்ணெய் வார்த்துக்கொண்டிருந்தார். நீர் சொரிவோன் யாவர் கண்ணிலும் படுகின்றான்; எண்ணெய் வார்ப்பவரோ கண்ணில் படுவதில்லை. ஆலைத் தெருவில் இருபதாண்டு உழைத்தும் முகம் வாடாத ஒருவனைக் காணுங்கால், சுவருக்கு அப்புறம் என்ன நிகழ்கின்றது என நாம் வினவுதல் வேண்டும்.

காப்பியத்தில் கண்டதனை வாழ்விற் காட்டியவர் வேலூர் மேரி வர்கீஸ் அம்மையார். 1925-ல் கொச்சிப் பகுதியிற் பிறந்த இவர், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பயின்று அங்கேயே மருத்துவரானார். 1954 ஜனவரியில் நேர்ந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்தது, இடுப்பின் கீழ் அசைவும் உணர்வும் அற்றன, முகமும் காயமுற்றது. அறுவை மருத்துவராக எண்ணிய ஒருவர்க்கு இனி நிற்கவே இயலாது என்னும் நிலை வந்துற்றது.

அந்நிலையில் ஒருவர்க்கு வேண்டும் அன்றாட முயற்சியை நாம் சற்று எண்ணிப் பார்த்தல் நலம். உணர்வற்ற உடலில் அழுத்தம் தங்கினால் நோயாளி அறியாமலே படுக்கைப்புண் உண்டாகும். ஆதலின் படுக்கையில் குறித்த நேரந்தோறும் உடலைத் திருப்புதல் வேண்டும். சக்கர நாற்காலியில் அமர்ந்தால் கைகளை ஊன்றி உடலை அடிக்கடி உயர்த்துதல் வேண்டும். கால்கள் செய்த வேலையைத் தோள்கள் கற்றல் வேண்டும். இஃது ஒரு நாளிற் செய்து முடிக்கும் வீரச்செயலன்று. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணியும் செய்யப்படும் பொறுமை. ஆழ்ந்த பக்தியுடைய அம்மையார் இப்பொறுமையின் வழியே மீண்டெழுந்தார்.

அக்காலை வேலூரில் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் தொழுநோயாளர் கைகளைச் சீர்திருத்தி வந்தார். நரம்பு கெட்டு மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, நலமாயுள்ள மற்றொரு தசையின் நாணை எடுத்து அவ்விரல்களிற் பொருத்துவது அம்முறை. கை மருத்துவத்தை அமர்ந்தபடியே செய்யலாம் என்பதனைக் கண்டு, அவர் அம்மையாரை அத்தொண்டிற்கு ஊக்கினார். எழுந்து நிற்க இயலாத மருத்துவர், சக்கர நாற்காலியில் இருந்தவாறே மடங்கிய கைகளை விரித்தார். அவ்வறுவையில் ஒரு நுட்பம் உண்டு. நாண் பொருத்தப்பட்டவுடன் விரல் தானே இயங்காது. வேறொரு வேலை செய்துவந்த தசை தன் புதிய வேலையை நாள்தோறும் பழகிக் கற்றல் வேண்டும். இறைவன் தரும் வலிமையும் பெரும்பாலும் இத்தகையதே. அது நம்மிடம் இல்லாத புதியதொரு பொருளாய் வருவதினும், எஞ்சியிருப்பதனைப் புதிய பணிக்குத் திருப்பும் அருளாய் வருகின்றது.

பின்னர் அம்மையார் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க் என்பாரின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1960-களின் தொடக்கத்தில் மீண்டு வந்து வேலூரில் அத்துறையை நடத்தினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-ல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-ல் அவர் மறைந்தார். அவர் கால்கள் இறுதிவரை இயங்கவில்லை. ஆயினும் முதுகுத்தண்டு முறிந்த தொழிலாளியும் மரத்திலிருந்து வீழ்ந்த ஏழையும் மீண்டும் வாழ்வு தொடங்க ஓர் இடம் உண்டாயிற்று.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழக்கூடும். சமயம் மக்களுக்கு அபினி என 1844-ல் கார்ல் மார்க்ஸ் எழுதினார். கவரைப்பேட்டையை எண்ணுங்கால் இம்மறுப்பை நாம் எளிதிற் தள்ளுதல் கூடாது. கூலி குறைந்தவனை நோக்கி, ஜெபி, பொறுத்திரு எனக் கூறி வீட்டிற்கு அனுப்புவது எளிது. அவ்வாறு கூறும் சமயம் அபினியே. ஆனால் கிறிஸ்து பெருமானைச் சோதனைக்காரன் ஆலயத்தின் உச்சியிற் நிறுத்தி, கீழே குதி, தூதர் தாங்குவர் என ஏவியபோது அவர் மறுத்ததனை நாம் நினைவுகூர்தல் வேண்டும். பாதுகாப்புக் கவசமின்றி இயந்திரத்தின் முன் நின்று, தேவன் காப்பார் என்பது விசுவாசமன்று. அது குதிப்பதற்கு ஒப்பாம். கவசம் கேட்டலும், உரிய கூலி கேட்டலும், நோயுற்றால் மருத்துவரை நாடலும், உள்ளம் தளர்ந்தால் அதனைத் தக்கோரிடம் கூறித் துணை பெறலும் விசுவாசத்திற்கு மாறல்ல. அபினி மனிதனை உறங்கச் செய்யும். வேலூர் அம்மையாரின் விசுவாசமோ அவரை எழுப்பி வேலையில் நிறுத்தியது. கனியாலன்றோ மரம் அறியப்படும்?

இன்னும் ஒன்று. இறைவன் வலிமை வானத்தினின்று நேரே இறங்குவதினும் அயலார் கைவழியே வருதல் மிகுதி. 2024 அக்டோபர் 11-ஆம் நாள், ஆயுத பூசை இரவில், மைசூரிலிருந்து தர்பங்கா நோக்கிச் சென்ற பாகமதி விரைவு ரயில், கவரைப்பேட்டையில் கிளைப்பாதையில் நின்ற சரக்கு ரயிலின்மேல் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன. ஒன்றில் தீயும் எழுந்தது. பலர் காயமுற்றனர், உயிரிழப்பு நேரவில்லை. ஊர் மக்கள் இருளில் ஓடி வந்து உதவினர். உதவிய கைகள் எச்சமயத்தவை என்று எவரும் வினவவில்லை. எரிகோ செல்லும் வழியில் அடியுண்டு கிடந்தவனுக்குச் சமாரியன் உதவிய கதையை அறிந்த நாம், நமக்குரிய வலிமை நம் சபைக்குப் புறத்தேயிருந்தும் வரக்கூடும் என்பதனை நன்றியோடு ஏற்றல் வேண்டும். அவ்வாறே பிறர்க்குரிய வலிமை நம் கைவழியே செல்லக் காத்திருத்தலும் கூடும்.

அங்ஙனமாயின் நாம் செய்யற்பாலது யாது? மன்னாவைச் சேர்ப்போர் காலையிற் கூடாரத்தை விட்டு வெளியே செல்லல் வேண்டியிருந்தது. அதுபோன்று, நாளின் பணி நம்மைப் பற்றிக்கொள்ளுமுன் சிறிது நேரம் அமைதியாயிருந்து, திருமறையில் ஒரு பகுதியை ஓதி, அந்நாளுக்குரிய இடரைப் பெயர் சொல்லி இறைவன்முன் வைத்தல் முதற்கடமை. அன்றைய கடமையை அன்றே செய்தல் இரண்டாவது. ஓய்வை இழிவாகக் கருதாமை மூன்றாவது. ஆறாம் நாளின் இருமடங்கு இறைவனே ஓய்வை விரும்பினான் என்பதற்குச் சான்று.

சபைகளுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆலை சூழ்ந்த ஊர்களில் ஞாயிறு காலை பலர்க்கு ஓய்வுநாள் அன்று. ஷிப்டு காரணமாக ஆராதனைக்கு வர இயலாதவனைப் பக்தி குறைந்தவன் எனக் கருதாது, அவனுக்கு ஏற்ற வேளையில் ஆலயக் கதவு திறக்கப்படுமாயின், பலருடைய தீயில் எண்ணெய் வார்த்ததாகும்.

நண்பர்களே, கல்லூரியை விட்டு நாமும் ஒருநாள் வெளியேறுவோம். நம்முட் சிலர் ஆசிரியராவோம். சிலர் அலுவலகம் செல்வோம். சிலர் கும்மிடிப்பூண்டி ரயிலிலேயே நாடோறும் நின்றுகொண்டு பயணம் செய்வோம். எத்துணைப் பெரிய பட்டமும் வாழ்நாள் முழுமைக்குமான வலிமையை ஒருங்கே தந்துவிடாது. ஆயினும் நாளைய இடருக்கு நாளைய அப்பமும் உண்டு. இன்றைக்குரியதை இன்று பெற்று, இன்றைக்குரியதை இன்று செய்து, எஞ்சியதைத் தந்தையின் கையில் விடுத்து உறங்கச் செல்பவனே விசுவாசத்தின் பயனை அறிந்தவன் ஆவான்.