விரல் நுனியில் கணிதம்

பார்வையற்ற குழந்தைக்குப் பாட்டும் கதையும் கற்பிக்கலாம், கணக்கு மட்டும் வராது என்று எண்ணுவோர் கிராமங்களில் பலர் உளர். இவ்வெண்ணம் தவறானது. கணக்கறியாதவர் கூலியிலும் கொள்முதலிலும் வட்டியிலும் பிறர் சொல்லை நம்பியே வாழ நேரும். ஆகவே, பார்வையற்றோர் கணிதத்தை எழுதவும் படிக்கவும் கற்கும் முறையைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

பிரான்சு நாட்டில் 1809ஆம் ஆண்டு பிறந்த லூயி பிரெயில், சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் கூரிய கருவி பட்டுச் சிறு வயதிலேயே பார்வையிழந்தவர். அவர் 1829இல் வெளியிட்ட புள்ளி எழுத்தே அவர் பெயரால் வழங்குகிறது. நெடுக்காக மும்மூன்று புள்ளிகள் கொண்ட இரு வரிசைகள் சேர்ந்து ஒரு கட்டமாகும். இந்த ஆறு புள்ளிகளுள் எவை மேலெழும்பி நிற்கின்றன என்பதைக் கொண்டு 63 வடிவங்கள் உண்டாகின்றன. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. தமிழும் அம்முறையிலேயே எழுதப்படுகிறது.

சாதாரண வாசகத்தில் எண்களுக்கெனத் தனி வடிவம் இல்லை. எழுத்தின் வடிவத்துக்கு முன்னால் எண் குறியை இட்டால் அதுவே எண்ணாகிவிடும். சிறு கணக்குகளுக்கு இது போதும். எழுத்தும் எண்ணும் கலந்து வரும் இயற்கணிதத்திலோ குழப்பம் நேரும். இதனைத் தீர்க்க முனைந்தவர் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஆபிரகாம் நெமெத். இவர் பிறவியிலேயே பார்வையற்றவர். இவருடைய கணிதக் குறியீட்டு முறை 1952இல் வெளிவந்தது. நம் நாட்டுப் பள்ளிகளிலும் அது கையாளப்படுகிறது. எண்களைக் கட்டத்தின் கீழ்ப்பகுதியிலுள்ள நான்கு புள்ளிகளில் அவர் அமைத்தார். ஆகவே, எது எண், எது எழுத்து என்பது விரலுக்கு எளிதில் புலப்படும்.

முக்கால் ஏக்கர் என்பதை எடுத்துக்கொள்வோம். நாம் மூன்றை மேலும் நான்கைக் கீழுமாக எழுதுகிறோம். விரலோ ஒரே வரியில் செல்வது. ஆதலால் பின்னம் தொடங்கும் குறி, மூன்று, கோட்டுக் குறி, நான்கு, பின்னம் முடியும் குறி என ஐந்து கட்டங்களில் அது வரிசையாக எழுதப்படும்.

எழுதுவதற்குத் துளைச் சட்டமும் குத்தூசியும் வேண்டும். குத்திய புள்ளி தாளின் மறுபுறம் எழும்புவதால், வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்க டெய்லர் சட்டம் உதவுகிறது. அதன் எண்கோணத் துளைகளில் உலோக அச்சுகளை வெவ்வேறு திசைகளில் நிறுத்தி, எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைக்கலாம். மணிச்சட்டமும் பயன்படும்.

பள்ளிக்குச் செல்லுமுன்பே வீட்டில் தொடங்கலாம். புளியங்கொட்டைகளை எண்ணச் செய்தல், கயிற்று முடிச்சுகளைத் தடவிக் கணக்கிடச் செய்தல், படியும் உழக்கும் கையில் கொடுத்து அளக்கச் செய்தல் ஆகியவை விரலையும் அறிவையும் ஒருங்கே பழக்கும்.

நாற்பது விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வழங்கியுள்ளது. தம் ஊரில் வீட்டோடு இருந்துவிட்ட பார்வையற்ற குழந்தை உண்டா என்று உறுப்பினர் ஒவ்வொருவரும் விசாரித்தறிந்து, பள்ளியில் சேர்க்க முன்வருதல் வேண்டும். கணக்குப் பாடத்திலிருந்து அக்குழந்தைக்கு விலக்கு அளிப்பது இரக்கமாகாது. கற்பிப்பதே உண்மையான உதவியாகும்.