மெத்தென்ற செருப்பும் நகரும் படியும்

புனே சிவில் கோர்ட் மெட்ரோ நிலையத்தின் சுரங்கத் தளம் தரைக்குக் கீழே 33 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மேலே வர பெரும்பாலோர் எஸ்கலேட்டரில்தான் ஏறுகிறார்கள். மழைக்கால ஞாயிறு ஒன்றில் எனக்கு முன்னால் நான்கைந்து வயதுப் பையன் ஒருவன் நின்றிருந்தான். காலில் பச்சை நிறத்தில் கிராக்ஸ் மாதிரிச் செருப்பு. படியோரத்துக் கறுப்பு பிரஷ்ஷில் அதைத் தேய்த்துத் தேய்த்து விளையாடிக்கொண்டே வந்தான். அப்பாவின் இரண்டு கையிலும் பை.

அந்த பிரஷ் செருப்பைத் துடைப்பதற்கு வைத்ததல்ல. ஓரத்தில் நிற்கும் காலை உள்ளே தள்ளுவதற்கு வைத்தது. எஸ்கலேட்டரில் படி நகரும், பக்கவாட்டுத் தகடு நகராது. நடுவே சில மில்லிமீட்டர் இடுக்கு. கெட்டியான தோல் செருப்பு தகட்டில் உரசினால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். மெத்தென்ற ரப்பரோ ரெசினோ தகட்டைப் பற்றிக்கொள்ளும். படி இழுத்துக்கொண்டே போகப் போக நசுங்கி இடுக்குக்குள் நுழையும், உள்ளே இருக்கும் விரலோடு. ஈரத்தரையில் பிள்ளையை விழாமல் காக்கிற அதே பிடிமானம்தான் இங்கே வினையாகிறது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2006 ஜனவரி முதல் இப்படிக் கால் சிக்கிய 77 சம்பவங்கள் தெரியவந்ததாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2008 மே மாதம் எச்சரித்தது. இரண்டைத் தவிர எல்லாமே மெத்தென்ற செருப்புகள். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காயம். அதே ஆண்டு ஜப்பான் அரசு, செருப்பின் வடிவமைப்பை மேம்படுத்தும்படி கிராக்ஸ் நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது.

என்னை உறுத்துவது இன்னொன்று. "கைப்பிடியைப் பிடிச்சுக்கோ கண்ணா" என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். மூன்றடி உயரப் பிள்ளைக்கு அந்தக் கைப்பிடி எட்ட வேண்டுமானால், படியின் ஓரத்தோடு ஒட்டித்தான் நிற்க வேண்டும். கால் போய் நிற்பது சரியாக அந்த இடுக்கின் பக்கம். ஆகவே கைப்பிடியைப் பெரியவர் பிடிக்கட்டும். பிள்ளை பெரியவரின் கையைப் பிடித்தபடி, படியிலுள்ள மஞ்சள் கோட்டுக்குள், முன்னே பார்த்து நிற்கட்டும். இரண்டு கையிலும் பை இருந்தால் லிஃப்ட்தான் சரி. படி தட்டையாகி முடியும் இடத்தில் காலைத் தேய்க்காமல் தூக்கி வைக்கப் பழக்குங்கள். அங்கும் சீப்புப் பல் போன்ற தகட்டில் சிக்கும்.

சிக்கிவிட்டால் செருப்பை மீட்கப் பார்க்காதீர்கள். காலை உருவுங்கள், செருப்பு போனால் போகட்டும். எஸ்கலேட்டரின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் சிவப்பு நிறுத்தப் பொத்தான் இருக்கும். ஏறுமுன் அது எங்கே என்று பார்த்து வையுங்கள். கால் மாட்டிய பிறகு தேட நேரமிருக்காது.