கரையின் அறிவு ஆய்விதழை அடையும்போது

தனுஷ்கோடி முனையிலிருந்து மண்டபம் வரை நீளும் கரைக்கு ஆய்விதழ் புதிய பொருளன்று. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1949 முதல், கொச்சிக்கு இடம்பெயர்ந்த 1971 வரை, மண்டபம் முகாமையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1958இல் மண்டபத்தில் தோன்றிய இந்தியக் கடலுயிரியல் சங்கம் மறு ஆண்டே தனக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கியது. அன்று முதல் இக்கடலின் மீன், பவளப்பாறை, பாசி, கடற்பசு பற்றி வெளிவந்த கட்டுரைகள் ஒரு நூலகத்தையே நிரப்பும். அவற்றுக்கு வேண்டிய மாதிரிகளைக் கரைசேர்த்தவர்களும், எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எந்தக் காற்றுக்கு எது கிடைக்கும் என்று வழிகாட்டியவர்களும் பெரும்பாலும் கடற்கரைக் குடும்பத்தார். கட்டுரையில் அவர்களுக்குக் கிடைத்த இடமோ கடைசியில் வரும் நன்றியுரையின் ஒரு வரி, பல வேளைகளில் அதுவும் இல்லை. இந்த நிலையை மாற்றுவதற்கான வழிகள் ஆய்விதழ்களின் விதிகளுக்குள்ளேயே இருக்கின்றன. அவை போதிய அளவு பயன்படுத்தப்படாததே குறை.

அவ்வழிகளுக்கு அடிப்படையான சமூகப் பங்கேற்பு ஆய்வு என்பது மக்களிடம் தகவல் திரட்டும் ஆய்வைக் குறிப்பதன்று. எதை ஆராய வேண்டும் என்ற கேள்வியை வகுப்பதில் தொடங்கி, முடிவை எங்கே, எந்த மொழியில் வெளியிடுவது என்பது வரை அந்த மக்களும் சேர்ந்து தீர்மானிக்கும் ஆய்வையே அது குறிக்கிறது. இந்தியாவில் ராஜேஷ் டாண்டன் 1982இல் நிறுவிய ‘பிரியா’ அமைப்பு இம்முறையை நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறது. அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் 1990இல் வெளியிட்ட அறிக்கை, புலமை என்பதன் வரையறையையே விரிக்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்களிடம் வாதாடியது.

கேள்வியை யார் வகுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆய்வு எவ்வளவு மாறும் என்பதற்குப் பாம்பனை அடுத்த சின்னப்பாலம் நல்ல சான்று. அங்குள்ள பெண்கள் தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றிய ஆழமற்ற கடலில் மூழ்கி, அகர் தயாரிக்க உதவும் மரிக்கொழுந்துப் பாசியையும், அல்ஜினேட் எடுக்கப் பயன்படும் கட்டக்கோரையையும் பறித்து வருகிறார்கள். பாசி அழிந்துவிடக் கூடாது என்பதற்காக மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தங்களுக்குள் வரம்பு வகுத்துக்கொண்டவர்களும் அவர்களே. அவர்களுள் ஒருவரான லட்சுமி மூர்த்தி 2015இல் அமெரிக்காவின் ‘சீகாலஜி’ பரிசைப் பெற்றார். கடலுயிரியலாளர் தனியே அமர்ந்து ஆய்வை வகுத்தால், பாசி எடுப்பதால் பவளப்பாறைக்கு என்ன கேடு என்பதே முதல் கேள்வியாக வரக்கூடும். அப்பெண்களோடு சேர்ந்து வகுத்தால், இடைவெளி விட்ட இடத்தில் பாசி எத்தனை நாளில் மீண்டும் தழைக்கிறது, கையால் பறித்த பாறைக்கும் கருவியால் சுரண்டிய பாறைக்கும் என்ன வேறுபாடு என்பன போன்ற கேள்விகள் எழும். இவை அளந்து சோதிக்கத்தக்க கருதுகோள்கள். அறிவியல் தரத்தில் முந்தைய கேள்விக்கு எவ்வகையிலும் குறைந்தவை அல்ல.

இதைவிடக் கடினமானது, எதை அச்சேற்றாமல் விடுவது என்ற முடிவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அனுமதியின்றி அதற்குள் நுழைவது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2001இல் கடல் அட்டை இனங்கள் அனைத்தும் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டதால், அதுவரை தொழிலாக இருந்த அட்டை பிடித்தல் ஒரே அறிவிக்கையில் குற்றமாகியது. 1974, 1976 இந்திய–இலங்கை ஒப்பந்தங்கள் வரைந்த எல்லைக் கோடு, வடகடலிலும் (பாக் விரிகுடா) தென்கடலிலும் (மன்னார் வளைகுடா) ஒருவர் எங்கே வலை வீசினார் என்ற தகவலையே வழக்குக்குரிய பொருளாக்கிவிட்டது. இத்தகைய கரையில் பாசி எடுக்கும் இடங்களைத் துல்லியமாகக் குறிக்கும் வரைபடமும், வயதையும் ஊரையும் பட்டியலிடும் அட்டவணையும், தகவல் தந்தவருக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படக்கூடும். 1964 டிசம்பர்ப் புயலுக்குப் பின் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த தனுஷ்கோடியில், இன்றும் குடிசையமைத்துக் கரைவலை இழுக்கும் குடும்பங்கள் ஒன்றையொன்று நன்கு அறிந்தவை. அங்கே பெயரை மட்டும் நீக்குவது எவரையும் மறைக்காது. 2025 ஜூனில் அப்பகுதியில் சுமார் 525 எக்டேர் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு, யார் எங்கே வலை இழுக்கிறார்கள் என்ற சாதாரணத் தகவலின் எடையும் கூடிவிட்டது.

ஆகவே, இடக்குறிப்புகளைப் பெரிய கட்டங்களாக விரித்துக் காட்டுவதும், அவ்வாறு செய்ததன் காரணத்தை ஆய்வுமுறைப் பகுதியில் வெளிப்படையாக எழுதுவதும் கட்டுரையாளரின் கடமைகள். மூலத்தரவு எங்கே கிடைக்கும் என்று அறிவிக்கும் ‘தரவுக் குறிப்பை’ இன்று பல ஆய்விதழ்கள் கேட்கின்றன. தகவலாளர் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தரவைப் பொதுவில் வைக்க இயலாது என்று அதில் கூற இடமுண்டு. நேர்காணலுக்குப் பெற்ற ஒப்புதல் வெளியீட்டுக்குப் பெற்ற ஒப்புதலாகாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வரைவு முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டி, நீக்கச் சொன்னதை நீக்கிய பின்பே இரண்டாவது ஒப்புதல் பொருள்படும்.

அந்த வாசிப்பே கட்டுரையாளர் என்ற தகுதிக்கும் வாயிலாக அமைகிறது. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்து, பிற துறைகளிலும் பரவிய விதி நான்கு நிபந்தனைகளை வைக்கிறது: ஆய்வின் வடிவமைப்புக்கோ தரவுக்கோ கணிசமான பங்களிப்பு, எழுதுவதிலோ கூர்ந்து திருத்துவதிலோ பங்கு, இறுதிப் பிரதிக்கு ஒப்புதல், முழுப் பணிக்கும் பொறுப்பேற்றல். முதல் நிபந்தனையை நிறைவேற்றிய எவருக்கும் எழுதுதல், திருத்துதல், இறுதி ஒப்புதல் ஆகியவற்றில் பங்கேற்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் அதே குழு சொல்கிறது. எழுத்தறியாத சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவர் வாய்மொழியாகத் திருத்தம் சொன்னால் அதுவும் கூர்ந்த திருத்தமே. அவருக்கு வரைவைக் காட்டாமல் விட்டுவிட்டு, அவர் தகுதி பெறவில்லை என்று கூறுவது விதிக்கே முரணானது. வட ஆஸ்திரேலியாவில் யோல்ங்கு பழங்குடி மக்களோடு பணிபுரிந்த புவியியலாளர்கள் ‘பவாகா நாடு’ என்ற நிலத்தின் பெயரையே முதல் கட்டுரையாளராக இட்டு எழுதினர். தேர்ந்த ஆய்விதழ்களும் அதை ஏற்று வெளியிட்டன. பெயரிடுவது ஆபத்தாகும் கரையில், கூட்டமைப்பின் பெயரிலோ ஊரின் பெயரிலோ இத்தகைய கூட்டு ஆசிரியத்துவத்தைக் கோருவது பொருத்தமாக இருக்கும்.

இதழைத் தேர்ந்தெடுக்கையில், அது யாரை எட்டும் என்பதே முதன்மையாகக் கருதத்தக்கது. பாக் விரிகுடா எல்லைதாண்டல் பற்றி ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த யூரி ஸ்கோல்டன்ஸ், மார்ட்டன் பாவிங்க் ஆகியோரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சூசையும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2012இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் வந்தது; கொள்கை வகுப்போர் புரட்டும் இதழ் அது. இதழ் எதுவாயினும், சக மதிப்பாய்வில், அதாவது துறை அறிஞர்கள் பெயர் மறைத்து மதிப்பிடும் கட்டத்தில், தகவலாளர் எண்ணிக்கை குறைவு என்ற வினா பெரும்பாலும் எழும். நாற்பது ஆண்டுகள் ஒரே நீவாட்டை (கடல் நீரோட்டத்தை) கவனித்த பத்துப் பேரின் கூற்று ஏன் போதுமான சான்று, அவை ஒன்றோடொன்று எவ்வாறு சரிபார்க்கப்பட்டன என்பதை முன்கூட்டியே எழுதிவிடுவதே அதற்குச் சிறந்த விடை.

எஞ்சியிருப்பது பதிப்புரிமை. கட்டணம் செலுத்தினால்தான் அனைவரும் படிக்கும்படி திறந்துவைப்போம் என்னும் இதழ்கள் கேட்கும் தொகை பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியரின் சக்திக்கு மீறியது. எவரிடமும் கட்டணம் பெறாத இதழ்களும் உள்ளன, அவற்றையே முதலில் தேட வேண்டும். உரிமை மாற்றப் படிவத்தில் தமிழ் வடிவத்தை அச்சிடவும் ஒலிபரப்பவும் உள்ள உரிமையை ஒதுக்கிவைக்கக் கோரலாம். பாம்பனில் 2016 முதல் இயங்கும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலியின் வழியே முடிவுகளை வெளியீட்டுக்கு முன்பே ஊருக்குச் சொல்வதாக ஏற்பாடு இருந்தால், கட்டுரையுடன் அனுப்பும் கடிதத்திலேயே இதழாசிரியருக்கு அதைத் தெரிவித்து, முன்வெளியீடாகக் கருதப்படாது என்ற உறுதியை எழுத்தில் பெற்ற பின்பே படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.